மடிநாயும் பட்டினியும்

தட்டிலே இட்ட உணவை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது ஒரு சிறு நாய். அதனருகே மண்டியிட்டு, கவளம் கவளமாகக் கையிலெடுத்து வாயருகே நீட்டிக் கெஞ்சுகிறார் அதன் எசமானர். உலகின் பெருநகரங்களிலே எத்தனையோ வீடுகளில் இது நாள்தோறும் நடைபெறுகிறது. கையால் ஊட்டினாலன்றி உண்ணாத இந்த நாயைத் தானாக உண்ணப் பழக்குவது எவ்வாறு என்பது மிருக வைத்தியர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று.

கல்முனைக் கரையிலிருந்து எழுதும் நமக்கு இக்கேள்வி முதலில் நகைப்பையே தரும். நம் ஊர்களில் உணவை மறுக்கும் நாயைக் கண்டவர் அரிது. உணவு மறுக்கப்பட்ட நாயைக் காணாதவர் எவருமிலர். ஆயினும் நகைத்துவிட்டு நகர்ந்துவிடுவது வரலாறு கற்பவர்க்கு அழகன்று. ஒரு கேள்வி ஓர் ஊரில் எழுகிறது, மற்றோர் ஊரில் எழுவதேயில்லை என்றால், அவ்வேறுபாட்டுக்குக் காரணம் இருந்தே தீரும். அக்காரணத்தை நாயின் நாவில் தேடுவதா, அதற்கு உணவிடும் கையில் தேடுவதா? கையில்தான் தேட வேண்டும் என்பது நமது துணிபு. அக்கையின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், ஒரு மடிநாயின் தட்டிலே தொடங்கி மக்களின் சோற்றுப் பானையிலே வந்து நிற்போம்.

நமது கரையின் நாய்

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் நம் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். நமது நாயும் இவ்விரண்டுக்கும் இடையிலேதான் வாழ்ந்து வந்திருக்கிறது. கரைவலை இழுக்கும் இடத்திலே கழித்தெறியும் மீன்தலைக்குக் காத்து நிற்பது ஒன்று. வயல்வாடியிலே இரவெல்லாம் விழித்திருந்து பன்றிக்கும் யானைக்கும் குரைத்து, காலையிலே காவற்காரன் உண்டு மிஞ்சிய சோற்றைப் பெறுவது மற்றொன்று. இரண்டுக்கும் தட்டு கிடையாது, நேரம் கிடையாது. கிடைத்தபோது, கிடைத்ததை, மற்றொரு நாய் வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும். இத்தகைய வாழ்விலே நாவுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது?

இவ்வூர்களின் முஸ்லிம் மக்கள் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அம்மத்ஹபின் விதி. எனவே வீட்டுக்குள், மடியின்மேல், நாய்க்கு இடமில்லை. இதனைக் கொண்டு முஸ்லிம்கள் நாயை வெறுப்பவர்கள் என்று சிலர் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். உண்மை அத்தனை எளிதன்று. வேட்டைக்கும், மந்தைக்கும், பயிருக்கும் காவலாக நாய் வைத்திருக்க நபிமொழி இடமளிக்கிறது. வேளாண்மையே வாழ்வான நமது கரையிலே வயற்காவல் நாய் நிலைபெற்றதற்கு இவ்வனுமதியும் துணை நின்றது. குகைத் தோழரின் வாசலிலே முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைத் திருக்குர்ஆன் அவர்களோடு சேர்த்தே பேசுகிறது. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையிலே நீர் முகந்து கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியை நம் சிறுவர்கள் மதரசாவிலேயே கற்கின்றனர்.

நாயின் உணவைப் பற்றி இஸ்லாமியச் சட்டம் கூர்ந்து ஆராய்ந்த இடமும் ஒன்றுண்டு. பழக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்து வருவதை உண்ணலாம். ஆனால் அந்நாய் தானே அதில் தின்றிருந்தால் உண்ணலாகாது, ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கிறது. இதுவே சட்டத்தின் நியாயம். வாயிலே இரையிருந்தும் உண்ணாமல் கொண்டுவந்து கொடுப்பதே அங்கு பயிற்சியின் அடையாளம். நாயின் பசியை மனிதன் தன் விருப்பத்துக்கு இசைவிக்க முடியும் என்ற உண்மை அச்சட்டத்திலே அடங்கியிருக்கிறது. வேட்டைக்காரன் உண்ணாதிருக்கப் பழக்கினான். நாம் பேசவந்த மடிநாயின் எசமானர்கள், தம்மையறியாமலே, ஊட்டினால் மட்டும் உண்ணப் பழக்கினார்கள்.

எச்சிலில் வளர்ந்த இனம்

நாய் ஓநாயின் வழித்தோன்றல். மனிதரின் இருப்பிடத்தைச் சுற்றிக் கிடந்த எச்சங்களை நாடி வந்து, நாளடைவிலே அவரோடு கலந்த இனம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். 2013 இல் சுவீடனைச் சேர்ந்த விஞ்ஞானிகள் நாயின் மரபணுக்களை ஓநாயின் மரபணுக்களோடு ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டனர். மாச்சத்தைச் செரிப்பதற்குரிய அமிலேசு நொதியை உண்டாக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயிடம் இரண்டே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை காணப்பட்டன. உழவரின் தானியம் நாயின் உடலையே மாற்றியிருக்கிறது. நமது வாடியிலே பழஞ்சோறு தின்னும் நாய் வறுமையினால் மட்டும் சோறு தின்னவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக உழைப்பாளியின் உணவிலே பங்கு பெற்றுப் பெற்று, அவ்வுணவு அதன் இயல்பாகவே ஆகிவிட்டது.

அப்படியாயின் கையால் ஊட்டும் வழக்கம் சீமான்களின் சோம்பலிலே பிறந்ததுதானா? அல்ல. 1914 இல் ஜெர்மனியின் பொன் நகரை அடுத்த ஒபர்காசலில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்ட அக்குழியிலே ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018 இல் கூறியது நெஞ்சைத் தொடுவது. அக்குட்டி கொடிய தொற்றுநோயால் பல வாரங்கள் வருந்தியிருக்கிறது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நிலையிலே கிடந்திருக்கிறது. மனிதர் பேணியிராவிட்டால் அத்தனை நாள் உயிரோடு இருந்திருக்க முடியாது. நீரும் உணவும் கொண்டுசென்று கொடுத்த கை ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். நாய்க்கு உணவூட்டிய கையின் வரலாறு, நாம் அறிந்த அளவில், இரக்கத்திலேதான் தொடங்குகிறது. அக்கை எப்போது ஆடம்பரத்தின் கையாயிற்று?

அரண்மனை நாய்

மடியில் வைத்துச் சீராட்டுவதற்கென்றே சிறு நாய்களை வளர்க்கும் வழக்கம் பல நாடுகளின் பிரபுக்களிடையே இருந்தது. அவற்றுள் பெயர்பெற்றது சீனப் பேரரசின் அரண்மனையிலே வளர்ந்த பீக்கிங் நாய். சட்டைக் கைக்குள் அடங்கும் அளவினதாக அதனைக் குறுக்கிக் குறுக்கி வளர்த்தார்கள். பராமரிப்பதற்கு அரண்மனை அலிகள் இருந்தனர். வயலிலே ஒரு பிடிச் சோற்றுக்கு உழவன் ஏங்கிய அதே நாட்டிலே, உணவைத் தேடவேண்டிய தேவையே அறியாத நாயினம் ஒன்று உருவாயிற்று.

1860 இல் அந்த அரண்மனையின் கதவுகள் பீரங்கியால் திறக்கப்பட்டன. அபினி வாணிபத்துக்கு வழிதிறந்த முதற் போரின் தொடர்ச்சியாக, பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து நடத்திய இரண்டாம் அபினிப் போரின் இறுதிக் கட்டம் அது. பீக்கிங் நகருக்கு வெளியேயிருந்த கோடை அரண்மனையை இரு படைகளும் கொள்ளையிட்டன. சமாதானக் கொடியோடு சென்றவர்களைச் சீன அதிகாரிகள் சிறையிட்டுச் சித்திரவதை செய்ததால் பலர் மாண்டிருந்தனர். அதற்குப் பழியாக, அக்டோபர் 18 ஆம் நாள் அரண்மனைக்குத் தீ வைக்குமாறு எல்ஜின் பிரபு ஆணையிட்டார். அடுத்த ஆண்டிலே பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ ஒரு கடிதத்தில், தமது நாட்டையும் பிரிட்டனையும் இரு கொள்ளையர் என்றே சுட்டினார். எல்ஜினோ 1862 இல் இந்தியாவின் வைசிராய் ஆனார். இப்படையெடுப்பிலே இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியற் படையும் அங்கே சென்றது. தாக்கூக் கோட்டைகள், பீக்கிங் ஆகிய பெயர்கள் அப்படையின் போர் விருதுகளாக இன்றும் வழங்குகின்றன. ஏழை நாட்டு உழவன் மகன் மற்றோர் ஏழை நாட்டின் மதிலைத் தகர்க்க அனுப்பப்பட்டான்.

எரிந்த அரண்மனையிலிருந்து ஐந்து சிறு நாய்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கேப்டன் ஜோன் ஹார்ட் டன் என்பவர் விக்டோரியா மகாராணிக்குப் பரிசளித்தார். அதற்கு இட்ட பெயர் 'லூட்டி'. கொள்ளையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லாகிய 'லூட்' ஆங்கிலேயரின் நாவிலே ஏறியிருந்தது. அதிலிருந்து வந்தது இப்பெயர். கொள்ளையிட்ட பொருளுக்குக் கொள்ளை என்றே பெயரிட்டு, அதனை அரசியின் மடியிலே வைக்கும் துணிவைக் கவனியுங்கள். 1861 இல் கைல் என்ற ஓவியரைக் கொண்டு அந்நாயின் உருவம் தீட்டப்பட்டது. அவ்வோவியம் பிரித்தானிய அரச சேகரிப்பில் இருக்கிறது.

இனி நமது கேள்விக்கு வருவோம். லூட்டி உணவிலே மிகவும் நுணுக்கம் பார்த்தது. ரொட்டியையும் இறைச்சியையும் அது ஏற்கவில்லை. வேகவைத்த சோற்றிலே சிறிது கோழியிறைச்சியும் அதன் சாறும் பிசைந்து கொடுத்தால் உண்ணும் என்று அதனைக் கொண்டுவந்தோர் வழியாகச் செய்தி தரப்பட்டிருந்தது. அரண்மனைப் பணியாளரிடையே இதுபற்றி நடந்த கடிதப் போக்குவரத்திலே கூறப்பட்ட மருந்து என்ன தெரியுமா? சிறிது பட்டினி கிடந்தால் தனக்கு ஏற்ற உணவை அது நாளடைவில் விரும்பத் தொடங்கிவிடும் என்பதுதான்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். லூட்டி செய்தது பிடிவாதமா? பிறந்த நாட்டிலே அது உண்டது சோறு. சென்ற நாட்டிலே இட்டது ரொட்டி. உறவினத்தையும் மொழியின் ஒலியையும் மணத்தையும் இழந்து கடல் கடந்து வந்த ஒரு சிற்றுயிர், தான் அறிந்த ஒரே உணவைக் கேட்டது. அதனைக் கொண்டுவந்தவர்கள் அதற்கு 'நுணுக்கம்' என்று பெயரிட்டனர். பறித்தவன் தன் உணவையே நல்லுணவு என்கிறான்; பறிக்கப்பட்டவனின் பழக்கம் குறையாகத் தோன்றுகிறது. நம் மக்கள் கைவிரலால் சோறு பிசைந்து உண்டதைக் கண்டு முகஞ்சுளித்த அதே கண்கள் அல்லவா அவை? லூட்டி 1872 இல் இறந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் விண்ட்சரிலே வாழ முடிந்ததால், ஏதோ ஒருவகையில் அங்கே உண்ணக் கற்றுக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

பிஸ்கட்டும் பசியும்

லூட்டி கப்பலேறிய அதே காலத்திலேதான் நாயின் உணவு சந்தைப் பொருளாயிற்று. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், இங்கிலாந்துத் துறைமுகத்திலே மாலுமிகள் எறியும் கடினமான கப்பல் பிஸ்கட்டை நாய்கள் கவ்வித் தின்பதைக் கண்டு, 1860 ஐ ஒட்டி, கோதுமையும் காய்கறியும் உலர்ந்த இறைச்சியும் சேர்த்து நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார். அதனை வாங்கியோர் நாய்களைப் போட்டிக்கும் வேட்டைக்கும் வளர்த்த கனவான்கள். அதுவரை அடுக்களையில் மிஞ்சியதை உண்ட நாய்க்குத் தனியுணவு வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு விளம்பரத்தால் வளர்க்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டிலே தகரத்தில் அடைத்த குதிரை இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வர, உலர்ந்த உணவு மேலோங்கியது.

இன்று நாயுணவு ஆலைகள் சத்தை மட்டும் ஆராய்வதில்லை. நாய் முதலில் எந்தத் தட்டை நாடுகிறது என்பதையும் அளக்கின்றன. உலர்ந்த உருண்டைகளின்மேல் கொழுப்பும் வாசனைச் சாறும் தெளிக்கின்றன. ஒன்றை மறுத்தால் மற்றொன்று, அதனையும் மறுத்தால் இன்னும் விலையேறிய ஒன்று என்று எசமானர் மாற்றி மாற்றி வாங்குகிறார். நாய் கற்பது ஒன்றே: மறுத்தால் மேலானது வரும். வணிகருக்கு இலாபம் தரும் பாடமும் அதுவே.

பசியின் அறிவியல்

இத்தகைய குழப்பத்திலே தெளிவு தந்தவர் ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ். மணியோசைக்கு உமிழ்நீர் ஊறிய நாயின் கதையாகவே நம் மாணவர் அவரை அறிவர். ஆனால் 1904 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக. நாயறியாமல் அதன் இரைப்பைக்குள் நேராக ரொட்டியை இட்டால், செரிமானச் சாறு சுரப்பதில்லை. அதே நாய் உணவைக் கண்டு, முகர்ந்து, விரும்பி வாயிலே எடுத்தால், உணவு இரைப்பையை எட்டுமுன்னரே சாறு பெருகுகிறது. பசியோடு கூடிய விருப்பமே செரிமானத்தின் முதற் படி என்று அவர் நிறுவினார். கெஞ்சித் திணிக்கும் உணவு ஏன் உடலில் ஒட்டுவதில்லை என்பதற்கு இதிலே விடை இருக்கிறது. அவருடைய முறைகள் நாய்களுக்குப் பெருந்துன்பம் தந்தவை. அதனையும் சொல்லாமல் விடலாகாது.

அந்த ஆய்வுகூடமே பட்டினியைக் கண்டது. 1917 புரட்சிக்குப் பின்வந்த உள்நாட்டுப் போரிலே பெத்ரோகிராத் நகரம் உணவின்றி வாட, பாவ்லோவின் நாய்களும் மெலிந்து மாண்டன, ஆராய்ச்சிகள் தடைப்பட்டன. 1921 சனவரியில் லெனின் கையெழுத்திட்ட ஆணை அவருக்கும் அவர் பணிக்கும் தனிச் சலுகைகளை வழங்கியது. பசியை ஆராய்வதற்கும் முதலில் சோறு வேண்டியிருந்தது.

இவ்வறிவின் வழியே இன்று மிருக வைத்தியர் கூறும் முறை எளியது, செலவற்றது. முதலில் நோயில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். சிறிய இன நாய்களுக்குப் பல்நோய் மிகுதி. பல் வலிக்கும் நாய் கையிலே மென்மையாகத் தருவதை மட்டும் உண்பது இயல்பே. நோயில்லையாயின், நாள்தோறும் இருவேளை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தாழ்ந்த தட்டிலே உணவு வைக்க வேண்டும். பதினைந்து அல்லது இருபது நிமிடம் சென்றதும், உண்டாலும் உண்ணாவிட்டாலும், ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துவிட வேண்டும். இடையிலே தின்பண்டம் கூடாது. கெஞ்சலும் அதட்டலும் கூடாது. உணவுக்கு முன் சிறிது நடத்திச் செல்வது நன்று. கைக்கே பழகிய நாயாயின் படிப்படியாக விலக வேண்டும்: முதலில் கையைத் தட்டின்மேலேயே வைத்து ஊட்டுவது, பிறகு தட்டிலே இட்டுக் கையை அருகில் வைத்திருப்பது, பிறகு கையை எடுத்துக்கொள்வது, பின்னர் எழுந்து அப்பால் செல்வது. உணவை மாற்றுவதாயின் பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுக் கறியிலே சேரும் வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதையும் நினைவிற் கொள்க.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதனை மறந்தால் முறையே கொலையாகும். மிகச் சிறிய இனத்துக் குட்டிகள் சில மணி நேரம் உண்ணாதிருந்தாலே இரத்தத்தில் சீனி குறைந்து மயங்கி இறக்கக் கூடும். அவற்றைப் பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது. வளர்ந்த நாயும் ஒரு முழு நாள் உண்ணவில்லையென்றால் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தட்டு எடுக்கப்படுகிறது, ஆனால் அடுத்த வேளை அது தவறாமல் திரும்பி வருகிறது. அந்நிச்சயமே நாய்க்குப் பாடம் கற்பிக்கிறது. திரும்பி வராத தட்டு எதனையும் கற்பிப்பதில்லை, கொல்கிறது.

அரசுகள் கற்பித்த பட்டினி

இந்த வேறுபாட்டை ஒரு நாயின் விடயத்திலே அரண்மனைப் பணியாளரும் உணர்ந்திருந்தனர். அவர்கள் சொன்னது சிறிது பட்டினி; அதன் பின்னால் விண்ட்சரின் அடுக்களை இருந்தது. ஆனால் அதே மகாராணியின் ஆட்சி மனிதரிடம் எவ்வாறு நடந்துகொண்டது?

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1877 சனவரி முதல் நாள் டில்லித் தர்பாரிலே விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்டார். அம்மாதமே மதராசுக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைத்தலங்களிலே கல்லுடைத்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். நிவாரணம் தாராளமாக இருந்தால் மக்கள் அதற்கே பழகிவிடுவர், உழைக்க மறுப்பர் என்பது அன்றைய ஆட்சியாளரின் வாதம். பீகார்ப் பஞ்சத்திலே தாராளமாகச் செலவு செய்துவிட்டார் என்று முன்னர் கண்டிக்கப்பட்டவர் இதே டெம்பிள் என்பதும் கருதத்தக்கது. உழைக்கும் உடலை அவ்வளவு உணவால் தாங்க முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் டாக்டர் கோர்ணிஷ் ஓயாது வாதாடினார். சில மாதங்களின் பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்களுக்கு அவ்வுயர்வால் பயனென்ன? பஞ்சத்துக்குத் தப்பி நமது தீவின் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தோர் பலர்.

லூட்டிக்குக் கோழிச்சாறு கலந்த சோறு. சோற்றை விளைவித்தவனுக்கு ஒரு இறாத்தல் தானியம். லூட்டியின் மறைவுக்கும் இக்கூலிக் குறைப்புக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். ஒரு நாய்க்கு அன்பு காட்டியதை நாம் குறை கூறவில்லை. நாய் உண்ணாததற்குக் காரணம் தேடியவர்கள், மனிதன் உண்ணாததற்கும் அவன் குணத்திலேயே காரணம் தேடினார்கள் என்பதைத்தான் சுட்டுகிறோம்.

இவ்வாதம் ஆங்கிலேயரோடு கப்பலேறிப் போய்விடவில்லை. சுதந்திர இலங்கையிலே, 1953 இல், கூப்பன் அரிசியின் விலை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பிலே நாடு ஹர்த்தால் அனுட்டித்தது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின. அமைச்சரவை ஒரு போர்க்கப்பலிலே கூடியது. அக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். மக்கள் அன்று கேட்டது ஊட்டும் கையையா? இல்லை. தாம் விளைவித்த செல்வத்திலிருந்து நாளையும் வரும் என்று நம்பக்கூடிய ஒரு தட்டையே கேட்டார்கள்.

எஞ்சுவது

2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தபோது, இலங்கையிலே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உணவு நாடிக் கையேந்தி வரிசையில் நிற்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை நமது கரை அன்று அறிந்தது. நிவாரணம் பெறுவோரைப் பார்த்து "பழகிவிடுவார்கள்" என்று சொல்வதற்கு நம்மிடையேயும் நாக்குகள் இருந்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே நாடெங்கும் குடும்பங்கள் வேளையுணவைக் குறைத்துக்கொண்டபோதும் அதே குரல் கேட்டது. காலையுணவின்றி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கவனக்குறைவை அதன் குணமென்று குறித்துக்கொள்ளும் ஆசிரியர், விண்ட்சர் அரண்மனையின் கடிதத்தைத் தாமும் ஒருமுறை எழுதுகிறார்.

ஆகவே மடிநாயின் கேள்வியை நம் வகுப்பறைக்குள் கொண்டுவர வெட்கப்பட வேண்டியதில்லை. உண்ணாத நாயை முதலில் பரிசோதிக்க வேண்டும்: அதற்கு நோயா? அந்நிய உணவா? நாம் பழக்கிய பழக்கமா? இம்மூன்றையும் தீர்த்த பின்னரே அதன் குணத்தைப் பற்றிப் பேசலாம். அப்போது பெரும்பாலும் பேசுவதற்கு ஒன்றும் இராது. தட்டு தவறாமல் வரும் என்று அறிந்த நாய் தானாகவே உண்ணக் கற்றுக்கொள்கிறது. வயல்வாடி நாய்க்கும் அத்தகைய ஒரு தட்டைக் கொடுத்துப் பாருங்கள். விழுங்குவதை விட்டு மென்று தின்னத் தொடங்கும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியோடு இதனையும் சேர்த்துச் செய்தால் ஊருக்கும் நலம். நாய்க்கு இவ்வளவு தெளிவாகப் புலப்படும் நியாயம், மனிதரைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும் ஏன் மங்கிவிடுகிறது என்று நம் மாணவர் கேட்கட்டும். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய தலைமுறை, ஒருவர் பசித்திருப்பதை அவருடைய குணத்தின்மேல் சுமத்தும் எந்த அறிக்கையையும் கையெழுத்தைப் பார்த்தே அடையாளம் காணும்.